பிக் பேங் பொய்யா? மகள் பெயர் வைத்த கேலக்ஸியும் ஏமாற்றிய கேலக்ஸியும்... ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் சொல்லும் கதை!

'பிக் பேங் நடக்கவே இல்லை... போட்டு உடைத்த ஜேம்ஸ் வெப்!' - இப்படி ஒரு வீடியோ உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கும் எப்போதாவது வந்திருக்கும். திகில் பட மியூசிக், சிவப்பு அம்புக்குறி, 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று ஒரு கேப்ஷன். 'அப்போ ஸ்கூல்ல படிச்சதெல்லாம்?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்குள் நாலு குட்மார்னிங் மெசேஜ் வந்து அந்தக் கேள்வி மேலே போயிருக்கும்.

கேள்வி நல்ல கேள்விதான். அந்த வீடியோக்களின் பின்னால் உண்மையாகவே ஒரு ஆச்சர்யம் இருக்கிறது. ஆனால், அது வீடியோவில் சொல்கிற ஆச்சர்யம் இல்லை.

முதலில் வதந்தி எங்கே கிளம்பியது என்று பார்த்துவிடலாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வெளிவந்தன. அந்த மாதமே அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக வானியலாளர் அலிசன் கிர்க்பாட்ரிக் 'நேச்சர்' இதழிடம் பேசினார். தான் இதுவரை செய்ததெல்லாம் தப்போ என்று விடியற்காலை 3 மணிக்குத் தூக்கம் வராமல் யோசிப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது கேலக்ஸிகள் எப்படி வளர்கின்றன என்ற ஆராய்ச்சியைப் பற்றி. அடுத்த மாதம், பிக் பேங் கோட்பாட்டை ஏற்காத ஒருவர் எழுதிய கட்டுரையில் அந்த வரி மட்டும் தனியாக வந்து உட்கார்ந்தது. 'பார்த்தீர்களா, வானியலாளர்களே பயந்துபோயிருக்கிறார்கள்' என்பது போல.

அதே கட்டுரை இன்னொரு 'ஆதாரத்தையும்' காட்டியது. ஓர் ஆய்வறிக்கையின் தலைப்பே 'பேனிக்!' என்று தொடங்குகிறதாம். உண்மையில் அந்தத் தலைப்பு 'பேனிக்! அட் தி டிஸ்க்ஸ்'. ஓர் அமெரிக்க ராக் இசைக்குழுவின் பெயரை வைத்து ஆராய்ச்சியாளர்கள் அடித்த ஜோக். தட்டு வடிவ கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கின்றன என்பதுதான் உள்ளே விஷயம். ஜோக் புரியாமல் பீதியைக் கிளப்பிய கதை நம் ஊர் குரூப்களில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன்!

கிர்க்பாட்ரிக் என்ன செய்தார் தெரியுமா? தன் ட்விட்டர் பெயரின் நடுவில் 'பிக் பேங் நடந்தது' என்று சேர்த்துக்கொண்டார்.

80 வயசுப் பாட்டியின் ஆல்பம்

சரி, உண்மையான ஆச்சர்யம் என்ன?

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளி ஓரிடத்திலிருந்து நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால், தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. பிரபஞ்சத்தை 80 வயசுப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் வெப் இப்போது எடுத்துக்கொடுத்திருப்பது, பாட்டி ஒண்ணே முக்கால் வயசுக் குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ. அதாவது, பிக் பேங்குக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலம்.

அந்த வயதில் நட்சத்திரங்கள் இப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிய ஆரம்பித்திருக்க வேண்டும். கேலக்ஸிகள் சின்னதாக, மங்கலாக, எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப்புக்கு முன்பு போட்ட கணக்குகள் அப்படித்தான் சொல்லின. படம் வந்தபோது, பிரகாசமான கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிட நிறைய இருந்தன. குழந்தை தவழும் என்று பாய் விரித்துவிட்டுக் காத்திருந்தால், அது வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

இதை ஏன் முன்னால் வந்த ஹப்பிள் பார்க்கவில்லை? அதன் கண்ணுக்கு எட்டாது. பிரபஞ்சம் விரியும்போது, அதன் வழியாகப் பயணிக்கும் ஒளியின் அலையும் இழுபட்டு நீள்கிறது. அந்தக் காலத்து இளம் நட்சத்திரங்கள் கொட்டிய புற ஊதா ஒளி, நம்மிடம் வந்து சேரும்போது 15 மடங்கு நீண்டு அகச்சிவப்பாக மாறிவிடுகிறது. ஹப்பிளின் பார்வை 1.7 மைக்ரான் அலைநீளத்தோடு முடிந்துவிடும். இந்தக் கேலக்ஸிகளோ கிட்டத்தட்ட 1.8 மைக்ரானுக்கு மேல்தான் தெரியவே ஆரம்பிக்கின்றன. எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் ஹப்பிளுக்கு அங்கே இருட்டுதான்.

அதற்காகத்தான் 6.5 மீட்டர் அகலத்தில், தங்கம் பூசிய 18 அறுகோணக் கண்ணாடிகளோடு ஜேம்ஸ் வெப் செய்யப்பட்டது. 2021 டிசம்பர் 25-ம் தேதி பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பி, இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும் என்பதால், தன் சூடே தன் கண்ணை மறைத்துவிடக் கூடாது. அதனால் டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்குக் குடை ஒன்றை விரித்து, அதன் நிழலில் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் குளிரில் வேலை பார்க்கிறது.

போட்டோ பார்த்து வயசு சொல்வது எப்படி?

இனி வரும் இரண்டு கேலக்ஸிகளின் கதை புரிய, வானியலாளர்கள் ஒரு கேலக்ஸியின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சீக்கிரம் ஆகிற வேலை. பல வண்ண ஃபில்ட்டர்கள் வழியாக ஒரே இடத்தைப் படம் எடுப்பார்கள். சின்ன வயதில் கலர் கண்ணாடித்தாளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்ப்போமே, அது மாதிரி. அந்தக் காலத்துப் பிரபஞ்சம் முழுக்க ஹைட்ரஜன் வாயு நிறைந்திருந்தது. குறிப்பிட்ட ஓர் அலைநீளத்துக்குக் குறைவான ஒளியை அது குடித்துவிடும். எனவே ஒரு கேலக்ஸி நீண்ட அலைநீள ஃபில்ட்டர்களில் பளிச்சென்று தெரியும். ஒரு கட்டத்துக்குக் கீழே திடீரெனக் காணாமல் போகும். எந்த ஃபில்ட்டரில் காணாமல் போகிறது என்பதை வைத்துத் தொலைவைச் சொல்லிவிடலாம்.

இது போட்டோவைப் பார்த்து வயசு சொல்வது போல. பெரும்பாலும் சரியாக இருக்கும். சில நேரம் ஹேர் டை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பது. கேலக்ஸியின் ஒளியை வானவில் போலப் பிரித்து, அதில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற தனிமங்கள் விட்டுச்சென்ற கோடுகள் எங்கே இருக்கின்றன என்று அளப்பது. ஸ்பெக்ட்ரம் எடுப்பது என்பார்கள். ஜேம்ஸ் வெப்பில் இதற்கென இருக்கும் நிர்ஸ்பெக் கருவியில் சுமார் 2.5 லட்சம் குட்டிக் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றும் சில தலைமுடிகளின் தடிமன்தான். தேவையான கேலக்ஸிக்கு நேராக இருக்கும் கதவை மட்டும் திறந்து, மற்றதை மூடிவிட்டு, ஒரே நேரத்தில் நூறு கேலக்ஸிகளைப் போலப் படிக்க முடியும். சந்தேகமில்லாத முடிவு கிடைக்கும். ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு உலகமே க்யூவில் நிற்கிறது.

2022 கோடையில் வானியலாளர்கள் கையில் இருந்தது போட்டோ மட்டும்தான்.

மெய்ஸியும் 93316-ம்

சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் வானத்தில் ஒரு சின்னத் துண்டு. அதை ஜேம்ஸ் வெப்பில் படம்பிடித்த குழுவின் பெயர் சீர்ஸ். குழுவின் தலைவர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஃபிங்கல்ஸ்டீன். அந்தப் படத்தில் மங்கலான சிவப்புப் புள்ளியாக ஒரு கேலக்ஸி தென்பட்டது. கண்டுபிடித்தது அவர் மகளின் பிறந்தநாளில். எனவே அவள் பெயரையே வைத்துவிட்டார்கள். மெய்ஸியின் கேலக்ஸி! பிக் பேங்குக்கு 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தது என்று முதலில் கணித்தார்கள். புதுத் தொலைநோக்கி அல்லவா, அதன் அளவீடுகளைச் சரிசெய்த பிறகு அந்தக் கணிப்பு கொஞ்சம் பின்னுக்கு வந்தது.

அதே வானத் துண்டில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலம் டோனன் குழுவினர் இன்னொன்றைப் பார்த்தார்கள். சீர்ஸ்-93316. இதற்கு மகள் பெயரெல்லாம் கிடைக்கவில்லை, வெறும் நம்பர்தான். ஆனால் சாதனையில் மெய்ஸியைத் தூக்கிச் சாப்பிட்டது. பிக் பேங்குக்குப் பின் சுமார் 24 கோடி ஆண்டுகள்தான்! அவ்வளவு சீக்கிரத்தில் அவ்வளவு பிரகாசமா? உண்மையென்றால், நட்சத்திரங்கள் பிறப்பது பற்றிய கணக்குகளையெல்லாம் கிழித்துப்போட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

எல்லோரும் கைதட்டவில்லை. ரோஹன் நாயுடு என்ற வானியலாளரும் சக ஆய்வாளர்களும் அந்தக் கேலக்ஸியின் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். வானத்தில் அதை ஒட்டித் தெரியும் கேலக்ஸிகள் வேறு ஒரு காலத்தைக் காட்டின. பிக் பேங்குக்கு 100 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய காலம். அப்படியென்றால், இதுவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த தூசி படிந்த ஒரு கேலக்ஸியாக இருக்கலாமே? இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று எழுதினார்கள். பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தப் பிரபல பூனையின் நினைவாக, ஆய்வறிக்கைக்கு 'ஷ்ரோடிங்கரின் கேலக்ஸி' என்று பேரும் வைத்தார்கள்.

2023 மார்ச்சில் பெட்டி திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட கேலக்ஸிகளைச் சோதிக்கவென்றே கூடுதல் தொலைநோக்கி நேரம் வாங்கி, பாப்லோ அர்ராபால் ஹாரோ தலைமையிலான குழு ஸ்பெக்ட்ரம் எடுத்தது. ஒரே கருவி, ஒரே அளவுகோல், இரண்டு கேலக்ஸிகளும்.

மெய்ஸி பாஸ். பிக் பேங்குக்குப் பின் 39 கோடி ஆண்டுகள். முதலில் சொன்ன வயதைவிடச் சற்று கூடுதல்தான் என்றாலும், அப்போது உறுதிசெய்யப்பட்ட மிகப் பழைய கேலக்ஸிகளில் ஒன்று.

93316? 120 கோடி ஆண்டுகள்! சந்தேகப்பட்டவர்கள் சொன்ன அதே அக்கம்பக்கம்தான்.

ஏமாந்த விதம்தான் சுவாரஸ்யம். 93316-ல் நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்துகொண்டிருந்தன. அந்தப் புது நட்சத்திரங்களின் சூட்டில் சுற்றியிருந்த ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் அதிகமாக ஒளிர்ந்தன. அந்த அலைநீளங்கள், தற்செயலாக, ஜேம்ஸ் வெப் பயன்படுத்திய ஃபில்ட்டர்களுக்குள் ஒவ்வொன்றாகப் போய் விழுந்து, தொலைதூரக் கேலக்ஸியின் நிறத்தை அப்படியே பாவனை செய்துவிட்டன. போதாததற்குத் தூசி வேறு அதைச் சிவப்பாக்கிவிட்டது. வாட்ஸ்அப் வீடியோக்களில் 93316-ன் முதல் பாதிதான் சுற்றியது. இந்த இரண்டாம் பாதியை ஃபார்வேர்டு செய்ய ஆளில்லை.

யாரும் நம்பாத ஒன்று

இங்கே கதை முடிந்திருந்தால், 'பார்த்தீர்களா, எல்லாம் போட்டோ செய்த குழப்பம்' என்று போயிருக்கலாம். போகவில்லை.

வானத்தின் தென்பகுதியில் ஃபோர்னாக்ஸ் என்று ஒரு மங்கலான நட்சத்திர மண்டலம் இருக்கிறது. டிசம்பர் இரவுகளில் நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் அந்தத் திசைதான். ஃபோர்னாக்ஸ் என்றால் லத்தீன் மொழியில் உலை. அங்கே ஒரு துளி இடத்தை ஜேட்ஸ் என்ற குழு நாள்கணக்கில் படம்பிடித்தது. அதில் ஒரு புள்ளி, கணக்குப்படி 30 கோடி ஆண்டுகளுக்குள். பெயர், ஜேட்ஸ்-ஜிஎஸ்-இஸட்14-0. வாயில் நுழையாது, மன்னிக்கவும், அதற்கும் எந்த மகளின் பிறந்தநாளும் அமையவில்லை.

93316-ல் சூடு கண்டவர்கள் இதை எளிதில் நம்பவில்லை. அது அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. அருகிலேயே, நமக்குக் கிட்டத்தில் உள்ள வேறொரு கேலக்ஸியும் ஒட்டிக்கொண்டு தெரிந்தது. அதன் ஒரு பகுதியாகவே இருக்கலாமே? 2024 ஜனவரியில் நிர்ஸ்பெக் கதவைத் திறந்து கிட்டத்தட்ட 10 மணி நேரம் அதையே பார்த்தது. இத்தாலியின் பிசா நகரைச் சேர்ந்த ஸ்டெஃபானோ கார்னியானியும், அரிசோனா பல்கலைக்கழகத்தின் கெவின் ஹெய்ன்லைனும் அடங்கிய குழு அந்த மே மாதம் முடிவை வெளியிட்டது. பிக் பேங்குக்குப் பின் சுமார் 29 கோடி ஆண்டுகள். சந்தேகமே இல்லை.

இது எவ்வளவு விசித்திரம் என்று பார்க்க நம் பால்வீதியோடு ஒப்பிடலாம். பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளி ஆண்டுகள். அங்கே இப்போது ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடைக்குத்தான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அந்தக் கேலக்ஸியின் குறுக்களவு வெறும் 1,600 ஒளி ஆண்டுகள். அந்தக் குட்டி இடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சூரியன்கள்!

அடுத்த அதிர்ச்சி சிலியிலிருந்து வந்தது. அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு இருக்கும் அல்மா தொலைநோக்கியை இரண்டு குழுக்கள் தனித்தனியே அதே கேலக்ஸியின் பக்கம் திருப்பின. இரண்டுக்கும் ஆக்சிஜன் கிடைத்தது. 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்.

நாம் ஒவ்வொரு நொடியும் இழுக்கிற அதே ஆக்சிஜன்தான், அதில் என்ன அதிர்ச்சி? பிக் பேங்கில் உண்டானது ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். ஆக்சிஜன் நட்சத்திரத்தின் வயிற்றில் சமைக்கப்படுவது. அந்த நட்சத்திரம் வெடித்துச் செத்தால்தான் அது வெளியே வரும். அப்படியென்றால், பாட்டியின் அந்த ஒண்ணே முக்கால் வயசுப் போட்டோவிலேயே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து, வாழ்ந்து, மடிந்து முடிந்திருக்கிறது. ராட்சத நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இவ்வளவா? அந்த வயதுக்கு எதிர்பார்த்ததைவிடச் சுமார் 10 மடங்கு கனமான தனிமங்கள் அங்கே இருந்தன.

அப்போ எது தப்பு?

பிக் பேங் இல்லை. தப்பாக இருப்பது, வாயு எவ்வளவு வேகமாக நட்சத்திரமாகிறது என்று நாம் போட்டு வைத்திருந்த கணக்கு.

நம் காலத்துக் கேலக்ஸிகளில் நட்சத்திரம் பிறப்பது மெத்தனமான வேலை. கொஞ்சம் பிறந்ததும், அவற்றின் வெப்பமும் வெடிப்பும் மீதி வாயுவை விரட்டிவிடும். அடுப்பைப் பற்றவைத்ததும் விறகைப் பிடுங்கிக்கொள்வது போல. ஆரம்பகாலக் கேலக்ஸிகளில் வாயு அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், விரட்டுவதற்குள்ளேயே பெரும்பகுதி நட்சத்திரமாகிவிட்டது என்கிறார்கள் ஒரு தரப்பினர். நட்சத்திரங்கள் சீராகப் பிறக்காமல் திடீர் திடீரென்று கொத்தாகப் பிறந்தன, அப்படிப் பொங்கி நிற்கும் கேலக்ஸிகள்தாம் நம் கண்ணில் படுகின்றன என்பது இன்னொரு தரப்பு. அவற்றில் தூசி இல்லை, அதனால்தான் பளிச்சென்று தெரிகின்றன என்பாரும் உண்டு. எனக்குப் படித்தவரையில் இவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் பதில்கள் இல்லை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

நான்காவதாக ஒரு சந்தேக ஆசாமியும் உண்டு. கருந்துளை. கேலக்ஸியின் நடுவில் ஒரு பெரிய கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தால், விழும் வாயு சூடேறி ஒளிரும். அதையும் நட்சத்திர வெளிச்சம் என்று எண்ணினால் கேலக்ஸியின் எடை எகிறிவிடும். 2023-ல் 'இருக்கவே கூடாத எடையில்' என்று பரபரப்பான சில கேலக்ஸிகளில் இதுதான் நடந்திருக்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ச்வோரோவ்ஸ்கி குழு 2024-ல் காட்டியது. அவற்றைக் கழித்த பிறகும், கனமான கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைப் போல இரு மடங்கு மிச்சமிருந்தன.

ஆரம்பகாலக் கருந்துளை பற்றிப் பேசும்போது ஒரு நம்ம ஊர்ப் பெயர் வரும். கோவையில் பிறந்தவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன். ஆரம்பகாலத்தில் சில கேலக்ஸிகளில், நட்சத்திரங்களின் மொத்த எடைக்கே போட்டி போடும் அளவுக்குப் பெரிய கருந்துளை இருக்கும் என்று 2017-லேயே கணித்தவர் அவர். 2023-ல் அப்படி ஒன்று சிக்கியது. பிக் பேங்குக்குப் பின் 47 கோடி ஆண்டுகள் காலத்து யுஹெச்இஸட்1. கேலக்ஸியைக் காட்டியது ஜேம்ஸ் வெப். கருந்துளையைக் காட்டிக்கொடுத்தது சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நோபல் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைச் சுமக்கிற அதே சந்திராதான்.

ஃபோர்னாக்ஸ் கேலக்ஸியில் கருந்துளைதான் குற்றவாளியா? இல்லை என்கிறது அதன் உருவம். கருந்துளை வெளிச்சம் என்றால் ஒரு புள்ளியில் குவிந்திருக்கும். அதன் ஒளியோ 1,600 ஒளி ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கிறது. பெரும்பகுதி நட்சத்திர வெளிச்சம்தான்.

93316-ஐச் சந்தேகப்பட்ட ரோஹன் நாயுடு நினைவிருக்கிறாரா? இப்படிப் போட்டோவில் நம்ப முடியாத பிரகாசத்தோடு தெரியும் கேலக்ஸிகளை வரிசையாகப் பிடித்து ஸ்பெக்ட்ரம் எடுக்கும் ஓர் ஆய்வில் அவரும் இறங்கினார். 2025 மே மாதம் அதில் ஒன்று பாஸ் ஆனது. பிக் பேங்குக்குப் பின் 28 கோடி ஆண்டுகள். ஃபோர்னாக்ஸ் கேலக்ஸியின் சாதனையையும் முந்திவிட்டது. அதன் பெயர் மாம்-இஸட்14. 'மாம்' என்பது அந்த ஆய்வின் பெயர்ச் சுருக்கம். விரித்தால், 'மிராஜ் ஆர் மிராக்கிள்'. கானல் நீரா, அற்புதமா?

அதைவிடவும் பழையதாக இருக்கலாம் என்று போட்டோவில் மட்டும் தெரிகிற புள்ளிகள் இன்னும் சில இருக்கின்றன. சான்றிதழ் இன்னும் வரவில்லை.